யார் பூசிய நிறம், யார் போட்ட கோடு: மொழிப்படங்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உலக மொழிகள், எந்த நாட்டைப் பற்றி யார் என்ன நினைக்கிறார்கள், எந்த மாநிலம் எந்தச் சொல்லை அதிகம் தேடுகிறது என்றெல்லாம் வண்ணம் பூசிய நிலப்படங்கள் நாள்தோறும் கைபேசிக்கு வந்துகொண்டே இருக்கின்றன. எங்கே எந்த மொழி பேசுகிறார்கள் என்று காட்டும் மொழிப்படங்களைப் படிப்பதிலும் வரைவதிலும் பல ஆண்டுகள் செலவிட்டிருக்கிறேன். இந்தப் படங்களைப் பற்றி என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். படத்தில் தெரிவதைப் பற்றிக் கேட்பவர்கள்தான் அதிகம். தெரியாமல் போனவர்களைப் பற்றியும் கேட்க வேண்டும் என்பது என் ஆசை. அதனால் சில பதில்கள் நீண்டுவிட்டன.

ஓர் இடத்துக்கு ஒரு நிறம் பூசியிருந்தால், அங்கே எல்லோரும் அந்த மொழிதான் பேசுகிறார்கள் என்று அர்த்தமா?

இல்லை. அங்கே அதிகம் பேர் பேசுவது அந்த மொழி என்றுதான் பெரும்பாலும் அர்த்தம். அந்த 'அதிகம்' என்பது எவ்வளவு என்று யாரோ ஒருவர் முடிவு செய்திருக்கிறார். 

கணக்குக்காக 1,000 பேர் உள்ள ஓர் ஊரை வைத்துக்கொள்வோம். 450 பேருக்கு ஒரு மொழி, 350 பேருக்கு வேறொன்று, 200 பேருக்கு மூன்றாவது. எது முதலிடமோ அதன் நிறம் என்று விதி வைத்தால் ஊர் முழுக்க முதல் மொழியின் நிறம் பரவிவிடும். மற்ற 550 பேர் படத்தில் இல்லை. பாதிக்கு மேல் பேசினால்தான் நிறம் என்று வைத்தால் ஊர் சாம்பல் நிறத்துக்குப் போய் 'கலப்புப் பகுதி' ஆகிவிடும். 20 விழுக்காடு இருந்தாலே ஒரு பட்டை என்று வைத்தால் மூன்று நிறமும் வரும். ஊர் ஒன்றுதான், கணக்கும் ஒன்றுதான், படம் மட்டும் மூன்று. விதி என்ன என்று படத்தின் ஓரத்தில் எழுதியிருக்க வேண்டும். எழுதாத படத்தை நான் நம்புவதில்லை.

இன்னொரு சிக்கலும் உண்டு. வீட்டில் ஒன்று, சந்தையில் ஒன்று, பள்ளியில் ஒன்று என்று மூன்று மொழியில் வாழ்பவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். கணக்கெடுப்புப் படிவத்தில் தாய்மொழி என்று ஒரு கட்டம்தான் இருக்கும். படத்துக்கு வருவது அந்த ஒரு கட்டம்.

மொழி எல்லைகளை எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

ஊர் ஊராகக் கேட்டுத்தான். ஜெர்மனியில் கேயார்க் வென்கர் என்ற அறிஞர் 1876-இல் ஒரு வேலையைத் தொடங்கினார். சாதாரண வாக்கியங்களை அச்சடித்து, உங்கள் ஊர் வழக்கில் இவற்றை எப்படிச் சொல்வார்கள், எழுதி அனுப்புங்கள் என்று பள்ளி ஆசிரியர்களுக்கு அஞ்சலில் அனுப்பினார். பின்னாளில் நிலைபெற்ற பட்டியலில் 40 வாக்கியங்கள். அதில் முதல் வாக்கியம், குளிர்காலத்தில் காய்ந்த இலைகள் காற்றில் பறக்கின்றன என்பது. பதில் வந்த ஊர்கள் 40,000-க்கும் மேல்.

பிரான்ஸில் ழூல் கிலியேரோன் வேறு வழியில் போனார். எட்மோன் எட்மோன் என்ற மளிகைக்காரருக்கு நுட்பமான காது. அவரைப் பயிற்றுவித்து அனுப்பினார். 1897 முதல் 1901 வரை 639 இடங்களுக்குப் போய், கேட்ட ஒலியை அங்கேயே குறித்துக்கொண்டு வந்தார் எட்மோன். முன்னவர் 40,000 ஊரைக் கேட்டார், எழுதியது ஆசிரியர்கள். பின்னவர் 639 இடத்தை மட்டும் கேட்டார், எழுதியது ஒரே காது. எது சரி என்ற வாதம் மொழியியலில் இன்றும் ஓயவில்லை. எனக்கு இரண்டு பேர் மீதும் மரியாதை உண்டு. ஆனால் ஆசிரியர் எழுதி அனுப்பியது அவர் காதில் விழுந்த வழக்கா, அவர் மனத்தில் இருந்த வழக்கா என்பது எப்போதும் நெருடும்.

அந்தக் கோடுகள் நிஜமாகவே இருக்கின்றனவா?

ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு கோடு இருக்கிறது. மொழி முழுமைக்கும் ஒரே கோடு இருப்பது அபூர்வம். 

ஜெர்மனியின் ரைன் ஆற்றங்கரையில் இதைக் கண்ணால் பார்க்கலாம். வடக்கிலிருந்து தெற்காக ஆற்றை ஒட்டிப் போகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 'நான்' என்பதற்கு வடக்கே 'இக்' என்பார்கள். யூர்டிங்கன் என்ற ஊர் அருகே அது 'இஷ்' ஆகிறது. 'செய்' என்ற பொருளில் வரும் 'மாக்கன்' அங்கே இன்னும் மாறவில்லை. கொஞ்சம் தெற்கே பென்ராத் என்ற ஊர் வந்த பிறகுதான் 'மாஹன்' ஆகிறது. 'டோர்ப்' என்றால் கிராமம். அது 'டோர்ஃப்' ஆவதற்கு இன்னும் தெற்கே போக வேண்டும். 'அது' என்ற பொருளில் வரும் 'டாட்' என்பது 'டாஸ்' ஆவதற்கு அதையும் தாண்டிப் போக வேண்டும். கிழக்கே ஓரளவு சேர்ந்து ஓடும் கோடுகள் ரைன் அருகே வந்ததும் விசிறிபோல் விரிந்துவிடுகின்றன. அறிஞர்கள் இதை ரைன் விசிறி என்றே அழைக்கிறார்கள்.

இதில் எந்தக் கோட்டை வடக்கின் தாழ் ஜெர்மனுக்கும் தெற்கின் உயர் ஜெர்மனுக்கும் எல்லையாக எடுப்பது? வழக்கமாகப் பென்ராத் வழியே ஓடும் கோடுதான் எல்லை என்கிறார்கள். அது வசதிக்காகச் செய்த தேர்வு. பென்ராத்தில் நிற்கும் ஒருவருக்கு வடக்கே அடுத்த ஊரில் பேசுவதும் புரியும், தெற்கே அடுத்த ஊரில் பேசுவதும் புரியும்.

நாட்டின் எல்லையே மொழியின் எல்லையாக இருப்பதில்லையா?

சில இடங்களில் சட்டம் போட்டு அப்படி ஆக்கியிருக்கிறார்கள். பெல்ஜியம் நல்ல உதாரணம். டச்சுப் பகுதிக்கும் பிரெஞ்சுப் பகுதிக்கும் நடுவே உள்ள மொழி எல்லை ஒரு காலத்தில் கணக்கெடுப்பைப் பொறுத்து நகர்ந்தது. கணக்கெடுப்பு வரும்போதெல்லாம் சண்டை வந்தது. 1961-இல் மொழிக் கணக்கெடுப்பையே நிறுத்தினார்கள். 1962-இல் சட்டம் இயற்றி எல்லையை நிலையாக்கினார்கள். அதற்குப் பிறகு குடும்பங்கள் இடம் மாறின, குழந்தைகள் வேறு மொழியில் படித்தார்கள், கோடு மட்டும் அப்படியே இருக்கிறது. இன்று பெல்ஜியத்தின் மொழிப்படம் என்று நாம் பார்ப்பது அரசு அலுவலகத்தில் எந்த மொழி செல்லும் என்பதைக் காட்டும் படம். வீட்டுக்குள் பேசும் மொழியை அது காட்டுவதில்லை.

ஒரு நாட்டில் எத்தனை மொழி என்று ஒவ்வொரு படமும் ஒவ்வொரு எண் சொல்கிறதே?

எதை மொழி என்று எண்ணுவது என்பதில் ஒருமித்த கருத்து இல்லை, அதனால்தான். இந்தியாவின் 2011 கணக்கெடுப்பைப் பாருங்கள். மக்கள் தங்கள் தாய்மொழி என்று சொன்ன பெயர்கள் 19,569. எழுத்துப் பிழை, ஊர்ப் பெயர், சாதிப் பெயர் எல்லாவற்றையும் சீர்செய்து ஒழுங்குபடுத்தியபோது 1,369 தாய்மொழிகள் ஆயின. அவற்றை ஒன்றோடொன்று சேர்த்து, 10,000 பேருக்கு மேல் பேசுபவற்றை மட்டும் எடுத்தபோது 121 மொழிகள். அரசியல் சட்டத்தின் எட்டாம் அட்டவணையில் உள்ளவை 22. 

நான்கு எண்ணும் ஒரே நாட்டுக்குத்தான். 22 நிறத்தில் படம் போட்டவரும் பொய் சொல்லவில்லை, 121 நிறத்தில் போட்டவரும் பொய் சொல்லவில்லை. ஆனால் போஜ்புரி பேசும் கோடிக்கணக்கானவர்கள் இரண்டு படத்திலும் இந்தியின் நிறத்துக்குள்தான் இருக்கிறார்கள், ஏனெனில் கணக்கெடுப்பு அதை இந்தியின் கீழே வைத்திருக்கிறது. 10,000 பேர் என்ற வரம்பைத் தொடாத மொழிகளோ மொத்தமாக 'பிற' என்ற ஒரே பெட்டிக்குள் போய்விட்டன. அழிவின் விளிம்பில் இருப்பவை பெரும்பாலும் அந்தப் பெட்டியில்தான் இருக்கும். அவற்றைத்தான் முதலில் படத்தில் ஏற்ற வேண்டும் என்று எனக்குத் தோன்றும்.

வெள்ளையாக விட்ட இடம் எதைக் காட்டுகிறது?

சில சமயம் ஆள் இல்லாத இடத்தை. சில சமயம் வரைந்தவரின் நோக்கத்தை. 

இதற்கு ஒரு புகழ்பெற்ற படம் இருக்கிறது. முதல் உலகப்போர் முடிந்ததும், அங்கேரியின் புவியியலாளர் பால் தெலெகி ஒரு படம் வரைந்தார். சமாதான மாநாட்டில் தங்கள் நாட்டின் நிலத்தைத் துண்டாடக் கூடாது என்று வாதாடுவதற்காக வரைந்த படம் அது. ஆதாரம் 1910 கணக்கெடுப்பு. 100 பேருக்கு ஒரு சதுர மில்லிமீட்டர் நிறம் என்பது விதி. மக்கள் எத்தனையோ அத்தனை நிறம் என்பதால், கேட்க மிக நேர்மையான விதி. சொல்லப்போனால் இன்றும் பாராட்டத்தக்க முறை. ஆனால் மக்கள் அடர்த்தி குறைந்த மலைப்பகுதிகளை வெள்ளையாக விட்டுவிட்டு, அங்கே சிதறி வாழ்ந்தவர்களின் நிறத்தைப் பக்கத்துக் குடியிருப்புகளோடு சேர்த்துவிட்டார். அந்த மலைகளில் அதிகம் இருந்தவர்கள் ருமேனியர்கள். அங்கேரியர்களுக்குக் கொடுத்தது கண்ணைப் பறிக்கும் சிவப்பு. ருமேனியர்களுக்கு வெளிறிய ஊதா. எண்ணில் பொய் கிடையாது. எட்ட நின்று பார்த்தால் நடுவில் சிவப்பு மட்டும் எரியும். சிவப்புப் படம் என்றே பெயர் வந்துவிட்டது. அங்கேரியைத் துண்டாடி 1920 ஜூன் 4 அன்று கையெழுத்தான திரியனோன் ஒப்பந்தத்தை அந்தப் படத்தால் தடுக்க முடியவில்லை. ஆனால் நிறத்தை வைத்தும் வெற்றிடத்தை வைத்தும் ஒரு வழக்கையே நடத்த முடியும் என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

வெற்றிடத்துக்கு நேர்மாறான தவறு ஒரே நிறத்தால் மூடிவிடுவது. உலக மொழிப்படங்களில் ஆஸ்திரேலியா முழுக்க ஆங்கிலத்தின் நிறத்தில் இருக்கும். 1788-இல் பிரிட்டிஷார் குடியேறியபோது அங்கே 250-க்கும் மேற்பட்ட மொழிகள் இருந்தன. 1996-இல் அந்நாட்டின் பழங்குடி ஆய்வு நிறுவனம் ஒன்று அவற்றை நூற்றுக்கணக்கான வண்ணத் துண்டுகளாக வரைந்து வெளியிட்டது. அந்தப் படத்தில் எனக்குப் பிடித்தது அதன் ஓரங்கள். துண்டுகளுக்கு நடுவே கூர்மையான கோடு இல்லை, நிறம் நிறத்தோடு மெல்லக் கரைகிறது. இந்த எல்லைகள் துல்லியமானவை அல்ல, நில உரிமை வழக்குகளுக்கு இதைப் பயன்படுத்தாதீர்கள் என்று குறிப்பும் சேர்த்திருக்கிறார்கள்.

சைகை மொழிகள் ஏன் படத்தில் வருவதில்லை?

பேச்சுமொழியின் படத்துக்குள்ளேயே அவையும் அடங்கிவிடும் என்ற தவறான எண்ணம்தான் காரணம். அமெரிக்காவும் பிரிட்டனும் மொழிப்படத்தில் ஒரே நிறம். ஆனால் அமெரிக்கச் சைகை மொழிக்கு உறவு பிரெஞ்சுச் சைகை மொழியோடு. பிரிட்டனின் சைகை மொழி வேறு குடும்பம். ஒருவர் சைகை மற்றவருக்குப் புரியாது. சைகை மொழிகளின் படம் வரைந்தால் உலகின் கோடுகள் எல்லாம் இடம் மாறும்.

பெரிதாகத் தெரியும் மொழிதான் பெரிய மொழியா?

நிலத்தின் பரப்பு வேறு, பேசுபவர் எண்ணிக்கை வேறு. கிரீன்லாந்தின் பரப்பு 21 லட்சம் சதுர கிலோமீட்டருக்கும் மேல். மக்கள் 60,000 பேர்கூட இல்லை. ஜாவா தீவின் பரப்பு 1.3 லட்சம் சதுர கிலோமீட்டர்தான். மக்கள் 15 கோடி. நிறம் பூசினால் கிரீன்லாந்து சுவரை நிறைக்கும், ஜாவா ஒரு கீற்று.

போதாததற்கு, பல படங்கள் இன்னும் 1569-இல் மெர்காட்டர் வகுத்த முறையில்தான் வரையப்படுகின்றன. கடலோடிகள் திசை பிசகாமல் போவதற்காக உருவான முறை அது. துருவத்தை நெருங்க நெருங்க நிலத்தை ஊதிப் பெருக்கும். அதில் கிரீன்லாந்து ஆப்பிரிக்காவுக்குச் சமமாகத் தெரியும். உண்மையில் ஆப்பிரிக்கா 14 மடங்கு பெரிது. ஏறத்தாழ உலக மொழிகளில் மூன்றில் ஒரு பங்கு பேசப்படும் கண்டம் இப்படிச் சுருங்கி நிற்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் வலிக்கும்.

தேர்தல் படங்களுக்கும் இதே கோளாறு. 2016 அமெரிக்க அதிபர் தேர்தல் முடிவைக் கவுண்டி (மாவட்டம் போன்ற பிரிவு) வாரியாகப் பூசினால் நாட்டின் பெரும்பகுதி சிவப்பு, அதாவது வென்ற டிரம்பின் கட்சியின் நிறம். ஆனால் மொத்த வாக்கில் ஹிலாரி கிளிண்டன்தான் 28 லட்சத்துக்கும் மேல் முன்னால் இருந்தார்.

'இவர்களின் பார்வையில் உலகம்' என்று வரும் படங்களை எப்படி எடுத்துக்கொள்வது?

வரைந்தவரின் தலைக்குள் இருக்கும் ஊரைக் காட்டும் படமாக. இந்த வகைக்கு வயது அதிகம். 1877-இல் ஃபிரெட் ரோஸ் வரைந்த ஐரோப்பியப் படத்தில் ரஷ்யா ஓர் ஆக்டோபஸ். அதன் கைகள் பக்கத்து நாடுகளைச் சுற்றி வளைக்கின்றன. அதன் பிறகு போர் வரும்போதெல்லாம் அந்த ஆக்டோபஸ் வேறு வேறு நாட்டின் மேல் ஏறி உட்கார்ந்தது. 1976-இல் 'தி நியூயார்க்கர்' இதழின் அட்டைக்கு சால் ஸ்டைன்பெர்க் வரைந்த படம் இன்னொரு வகை. நியூயார்க்கின் இரண்டு தெருக்கள் படத்தில் பாதியை அடைத்துக்கொள்ளும். ஆற்றுக்கு அப்பால் அமெரிக்கா முழுவதும் ஒரு சிறிய செவ்வகம். பசிபிக் கடல் ஒரு பட்டை. அதற்கு அப்பால் சீனா, ஜப்பான், ரஷ்யா மூன்றும் மேட்டுக் கோடுகள்.

இரண்டுக்கும் நடுவே உள்ள வேறுபாடு முக்கியம். ஸ்டைன்பெர்க் தன் ஊர்க்காரர்களின் குறுகிய பார்வையைக் காட்டினார். ஆக்டோபஸ் படம் அடுத்தவரைக் காட்டுகிறது, வரைந்தவரை மறைக்கிறது. ஒரு நாட்டின் மேல் 'சோம்பேறிகள்', 'திருடர்கள்' என்று எழுதி வரும் படம் ஆக்டோபஸ் வகை. அந்த நாட்டுக்காரர்கள் அதைப் பார்ப்பார்கள் என்பதை நினைத்துவிட்டுத்தான் பகிர வேண்டும்.

இதையே ஆய்வாகவும் செய்திருக்கிறார்கள். அமெரிக்க மொழியியலாளர் டென்னிஸ் பிரெஸ்டன் மக்களிடம் வெற்று நிலப்படத்தைக் கொடுத்து, எங்கே வேறு மாதிரி பேசுகிறார்கள், வட்டம் போடுங்கள் என்றார். மிச்சிகன்காரர்கள் பெரும்பாலும் தென்மாநிலங்களைத் தனி வட்டமாக்கினார்கள். யார் பேசுவது திருத்தமானது என்று கேட்டபோது தங்கள் மாநிலத்துக்கு உயர்ந்த மதிப்பெண், தெற்குக்குக் குறைந்த மதிப்பெண் போட்டார்கள். ஒலியைப் பதிவு செய்து வரைந்த கோடுகளும் இந்த வட்டங்களும் எல்லா இடத்திலும் பொருந்துவதில்லை. பேச்சைக் கேட்டு வருவது ஒரு கோடு, பேசுபவரைப் பற்றிய எண்ணத்திலிருந்து வருவது இன்னொரு கோடு.

'ஒவ்வொரு மாநிலமும் அதிகம் தேடிய சொல்' என்ற படம் உண்மையா?

பெரும்பாலும் அது 'அதிகம்' என்பதே இல்லை. உண்மையில் அதிகம் தேடுவதை எடுத்தால் எல்லா மாநிலத்துக்கும் ஒரே சொல் வந்துவிடும், படம் சுவைக்காது. அதனால் மற்ற இடங்களோடு ஒப்பிட்டால் இங்கே கூடுதலாக எது என்று பார்ப்பார்கள். மற்ற இடங்களில் 10,000 தேடலில் ஒன்று, இங்கே 10,000-இல் மூன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று மடங்கு என்பதால் அந்தச் சொல் வென்றுவிடும். மிச்சம் 9,997 தேடல்களுக்கு அதோடு எந்தத் தொடர்பும் இல்லை. ஆனால் படத்தைப் பார்ப்பவர் அந்த மாநிலமே அப்படி என்று எண்ணிவிடுகிறார். வட்டாரத்தைப் பற்றிய தப்பெண்ணங்கள் பல இப்படித்தான் புள்ளிவிவரச் சட்டை போட்டுக்கொண்டு வருகின்றன.

ஒரே எல்லை நாட்டுக்கு நாடு வேறு மாதிரி தெரிவது ஏன்?

இணைய நிலப்பட நிறுவனங்கள் பார்ப்பவர் இருக்கும் நாட்டின் சட்டத்துக்கு ஏற்ப எல்லையை மாற்றிக் காட்டுகின்றன. காஷ்மீரின் எல்லை இந்தியாவில் திறந்தால் முழுக்கோடு, வேறு சில நாடுகளில் திறந்தால் புள்ளிக்கோடு. ஐ.நா. வெளியிடும் படங்களின் அடியில், இதில் காட்டிய எல்லைகளும் பெயர்களும் தங்கள் அங்கீகாரத்தைக் குறிக்காது என்ற வாசகம் இருக்கும்.

வணிக மண்டலங்கள் எந்த அடிப்படையில் அமைகின்றன?

உரிமம், விற்பனைக் குழு, சரக்கு போகும் வழி, விளம்பரம் எட்டும் தூரம் இவற்றின் அடிப்படையில். மொழிக்கும் பண்பாட்டுக்கும் அங்கே இடம் கொஞ்சம்தான். ஒரு மண்டலத்தில் விற்கும் தட்டு அந்த மண்டலத்துக் கருவியில் மட்டும் ஓடும்படி வகுத்த டிவிடி மண்டலங்களைப் பாருங்கள். அமெரிக்காவும் கனடாவும் முதல் மண்டலம். மேற்கு ஐரோப்பாவும் ஜப்பானும் ஒன்றாக இரண்டாவது. இந்தியா, ரஷ்யா, ஆப்பிரிக்காவின் பெரும்பகுதி ஐந்தாவது. சீனா தனியாக ஆறாவது. ஜப்பானையும் ஜெர்மனியையும் சேர்த்தது பேச்சு அல்ல, படம் வெளியாகும் தேதியும் விலையும்தான்.

சில வணிகப் படங்கள் வாழ்க்கையையே கெடுத்திருக்கின்றன. 1930-களில் அமெரிக்க அரசின் வீட்டுக்கடன் கழகம் 200-க்கும் மேற்பட்ட நகரங்களைக் கடன் அபாயத்தின்படி பச்சை, நீலம், மஞ்சள், சிவப்பு என்று பூசியது. கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகள் பெரும்பாலும் சிவப்பு. கூடவே இருந்த குறிப்புப் படிவத்தில் அங்கே எந்த இனத்தவர் வந்து 'ஊடுருவுகிறார்கள்' என்று நிரப்ப ஒரு வரியே இருந்தது. இப்படி இடத்தைப் பார்த்துக் கடன் மறுக்கும் வழக்கத்துக்குச் சிவப்புக் கோடு என்றே பெயர் நிலைத்தது. 1968-இல்தான் சட்டம் அதைத் தடை செய்தது. நிறம் பூசுவது சின்ன வேலை என்று யாராவது சொன்னால் நான் இந்தப் படத்தைத்தான் எடுத்துக் காட்டுவேன்.

மொழியைக் காட்டக் கொடியைப் பயன்படுத்தலாமா?

வேண்டாம். போர்ச்சுகீசியம் பேசுபவர்களில் பெரும்பாலோர் பிரேசிலில் இருக்கிறார்கள். தமிழ் மூன்று நாடுகளில் ஆட்சிமொழி. மொழியின் பெயரை அந்த மொழியின் எழுத்திலேயே எழுதினால் போதும்.

நானே ஒரு மொழிப்படம் வரையப் போகிறேன். எதில் கவனம் வைக்க வேண்டும்?

முதலில் கேள்வியை முடிவு செய்யுங்கள்: தாய்மொழியா, பேசத் தெரிந்த மொழியா, அலுவலக மொழியா? மூன்றையும் ஒரே படத்தில் கலந்துவிடுவதுதான் நான் அதிகம் பார்க்கும் பிழை. பிறகு, முடிந்தால் நிறத்தைப் பரப்பாமல் புள்ளி வையுங்கள். 1,000 பேருக்கு ஒரு புள்ளி வைத்தால் நகரம் அடர்ந்து தெரியும், பாலைவனம் காலியாகவே இருக்கும், ஒரே தெருவில் மூன்று நிறப் புள்ளியும் வாழும். நிறங்களின் அடர்வு சமமாக இருக்கட்டும்; தெலெகியின் சிவப்பும் ஊதாவும் நினைவில் இருக்க வேண்டும். தகவல் கிடைக்காத இடத்துக்கு வெள்ளை விடாமல் சாய்கோடு போட்டு 'தகவல் இல்லை' என்று எழுதுங்கள். வரம்பு, ஆண்டு, எதிலிருந்து எடுத்தது என்ற மூன்றும் படத்துக்குள்ளேயே இருக்க வேண்டும். படம் பகிரப்படும்போது கீழே எழுதிய விளக்கம் கூடவே போகாது.

அந்தந்த மொழி பேசும் ஒருவரிடமாவது காட்டிய பிறகு வெளியிடுங்கள்.

மாணவர்களுக்கு இதை எப்படிச் சொல்லித் தருவது?

பிரெஸ்டன் செய்ததையே வகுப்பில் செய்யலாம். எல்லோருக்கும் ஒரே அளவில் வெற்று நிலப்படம் கொடுத்து, எங்கெங்கே வேறு மாதிரி பேசுகிறார்கள் என்று பென்சிலால் வட்டம் போடச் சொல்லுங்கள். வட்டத்துக்குள் அந்தப் பேச்சைப் பற்றி ஒரு சொல் எழுதச் சொல்லுங்கள். பிறகு தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வெளிச்சம் வரும் ஜன்னல் கண்ணாடியில் பிடியுங்கள். கோடுகள் எங்கே சேர்கின்றன, எங்கே யாருமே பென்சில் வைக்கவில்லை என்று பிள்ளைகளே சொல்வார்கள். கடைசியாக, வட்டத்துக்குள் எழுதிய சொற்களைச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். அந்த வட்டத்துக்குள்ளிருந்து வந்த பிள்ளை யாராவது அதே வகுப்பில் உட்கார்ந்திருக்கக்கூடும். அவர் என்ன சொல்கிறார் என்று கேட்க நேரம் ஒதுக்கி வையுங்கள்.